கிரிட்டிக்கல் திங்கிங்: விமர்சனமா, தேர்ந்து தெளிதலா?

கிரிட்டிக்கல் திங்கிங் என்பதைத் தமிழில் ‘விமர்சனச் சிந்தனை’ என்று உளவியல் படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அவர்கள் காதில் விழுவது ‘குறை கண்டுபிடி’ என்பதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்தால் ‘ஆட்கள் குறைவு, ஒரே ஊரில் எடுத்தது, செல்லாது’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை, சொல் அப்படி இழுக்கிறது.

கிரிட்டிக்கல் என்பதன் வேர் ‘கிரினைன்’ என்கிற கிரேக்க வினை. பிரித்தெடு, தேர்ந்தெடு, தீர்ப்புச் சொல் என்று பொருள். இன்னும் பின்னால் போனால் சலிப்பதில் போய் நிற்கும். லத்தீனில் சல்லடைக்குக் ‘கிரிப்ரும்’ என்று பெயர், அதுவும் இதே குடும்பம். ஆஸ்பத்திரி வாசலில் ‘கிரிட்டிக்கலா இருக்கார்’ என்கிறோமே, அதுவும் இங்கிருந்து வந்ததுதான். நோய் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவாகிற கட்டத்தைக் கிரேக்க வைத்தியர்கள் ‘கிரிசிஸ்’ என்றார்கள்.

விமர்சனம் வடசொல். அதன் வேருக்குத் தொடு, தடவிப் பார் என்று பொருள், அதிலிருந்து ஆராய்வது என்றானது. அதாவது பிறப்பில் நல்ல சொல்தான். ஆனால் ‘எதிர்க்கட்சித் தலைவர் கடும் விமர்சனம்’ என்று தினமும் படிக்கிற நமக்கு அந்தப் பழைய பொருள் எப்படி நினைவுக்கு வரும்? திறனாய்வு என்று சிலர் எழுதுகிறார்கள், அது இலக்கிய வகுப்பில் ஊறிய சொல், பள்ளிக்கூடத்திலோ ‘ஊரகத் திறனாய்வுத் தேர்வு’ என்று உதவித்தொகைப் பரீட்சைக்குப் போய்விட்டது.

சரி, உளவியல் வகுப்பில் இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன வேலை? 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, பிறகு ‘இது உன்னைப் பற்றியது’ என்று ஆளுக்கொரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். ஐந்துக்குச் சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு, வரிகள் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. இன்றும் இதை வகுப்பில் செய்து காட்டும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஏனென்றால் அங்கே மாணவர் சலிக்க வேண்டியது வேறு யாரோ எழுதிய கட்டுரையை இல்லை, ‘அட, எனக்கே எழுதின மாதிரி இருக்கே’ என்று தன் மனசு சொன்னதை.

பீட்டர் வேசன் என்ற இன்னோர் உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை இன்னும் எளிது. 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்தும், நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று நினைத்தவர் 8, 10, 12 என்பார், பொருந்தும். 20, 22, 24 என்பார், அதுவும் பொருந்தும். விதி கிடைத்துவிட்டது என்று சொல்லித் தோற்பார். விதி வெறும் ஏறுவரிசைதான். 1, 2, 17 என்று தன் எண்ணத்தை உடைக்கிற ஒன்றைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இந்த வேலைக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: தேர்தல். ஆராய்வதற்கும் தெரிந்தெடுப்பதற்கும் ஒரே வினை, கிரினைன் போலவே. குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு, அதன் கடைசிக் குறள் (510): ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம். ஆளை நம்புவது பற்றித்தான் அங்கே பேச்சு, ஆனாலும் சந்தேகத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்கிற அந்த இரண்டாம் பாதிதான் விமர்சனம் என்ற சொல்லில் அறவே இல்லாதது.

‘தேர்வுச் சிந்தனை’ என்று வைக்க முடியாது, தேர்வு பரீட்சையாகிவிட்டது. தேர்தல் ஓட்டுப் பெட்டிக்குப் போய்விட்டது, தேர்ச்சி மார்க் ஷீட்டுக்கு. அதனால் பாடத்திட்டத்தில் நான் போடுகிற சொல் ‘தேர்ந்து தெளிதல்’. கொஞ்சம் நீளம்தான். ஆனால் ‘இந்த ஆய்வு முடிவைத் தேர்ந்து தெளிக’ என்று கேள்வித்தாளில் கேட்டால், குறையை மட்டும் எழுதிவிட்டு ஒரு பிள்ளை நிறுத்த முடியாது, எதை ஏற்கலாம் என்றும் எழுதியாக வேண்டும்.