பஸ் ரிக்கற் நின்ற பக்கம்

விடுமுறை முடிந்து திரும்பி வருகிற புத்தகங்களைத் தட்டி அடுக்கும்போது உள்ளேயிருந்து ஏதாவது விழும். பஸ் ரிக்கற், மருந்துக் கடைத் துண்டு, காய்ந்த வேப்பிலை, கோயில் நூல், ஒருமுறை ஒரு மீன் முள். எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கற் ரின்னில் போட்டு வைக்கிறேன். ஆனால் போடுவதற்கு முன்னால் அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்த்துவிடுவேன். வாசகர் என்னிடம் சொல்லாததை அந்தப் பக்கம் சொல்லிவிடும்.

வன்னியில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிற ஒரு சின்னப் பொது நூலகத்தில் நான் நூலகர். சில வருடங்களுக்கு முன்னால் ஓகஸ்ட் விடுமுறைக்கு முதல் நாள், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, "மிஸ், லீவுக்கு நல்ல புத்தகம் ஒண்டு தாங்கோ" என்றாள். யோசிக்காமல் பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். நான் அந்த வயதில் அதைச் சாப்பாடு மறந்து வாசித்தவள். இரண்டு கிழமையில் புத்தகம் வந்தது. "நல்லாயிருந்தது மிஸ்" என்றாள். பஸ் ரிக்கற் 46ஆம் பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அவளைக் கன மாதங்களாக நூலகப் பக்கம் காணவில்லை.

பிழை என்னுடையது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் கிழமைதோறும் தொடராக வந்த கதை அது. அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்து வாசித்தவர்களுக்காக எழுதப்பட்டது. கதை ஈழத்துக்கு வருவதே இரண்டாம் பாகத்தில்தான். அதை மொத்தமாகக் கையில் கொடுத்து, 14 நாளில் திருப்பித் தா என்று முத்திரையும் குத்திக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை விடுமுறையை எங்கே கழிக்கப் போகிறாள், எந்த நேரத்தில் வாசிப்பாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் விடுமுறையைப் பற்றித்தான் கேட்பேன். அம்மம்மா வீட்டுக்குப் போகிறாயா? பஸ்ஸிலா? அங்கே வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா? இரவில் கரண்ட் நிற்குமா? பதில்களைக் கேட்டால் ஒரே விதமான புத்தகம் காணாது என்று தானாகவே தெரியும். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், மத்தியான வெயிலில் வெளியே போக முடியாத மூன்று மணித்தியாலம், நித்திரைக்கு முன்னால் கால் மணித்தியாலம். இவற்றுக்கெல்லாம் ஒரே நாவலை நம்பிப் போனால் அது நடுவில் படுத்துவிடும்.

எங்கள் பகுதியில் இதைச் சொல்லித் தரவேண்டி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2008, 2009 இடம்பெயர்வில் வீடுகளோடு வீட்டுப் புத்தக அலுமாரிகளும் போயின. தாத்தாவின் பெட்டியிலிருந்து பழைய வாரமலரைத் திருடி வாசித்து, விளங்காததை மூடிவைத்து, அடுத்ததைத் திறந்து பார்த்து வளர்வது என்ற பழக்கம் ஒரு தலைமுறைக்குக் கிடைக்கவே இல்லை. பல வீடுகளில் இன்றைக்கும் இருக்கிற புத்தகம் அரசாங்கம் தருகிற பாடநூலும், கடந்தகால வினாத்தாள் தொகுப்பும்தான். அலுமாரி பார்த்து வளராத பிள்ளை நூலகத்துக்கு வந்தால் முதல் இறாக்கையிலேயே நின்றுவிடும். கூட வந்த சிநேகிதி எடுத்ததையே தானும் எடுக்கும்.

சரி, பஸ்ஸிலிருந்து தொடங்குவோம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்த் திருவிழாவுக்கென்றோ சித்தி வீட்டுக்கென்றோ போகிற பயணத்துக்குச் சிறுகதைத் தொகுப்புத்தான் தோது. பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கதை முடியும். ஆனையிறவு வரும்போது மூடிவிட்டு உப்பளத்தைப் பார்க்கலாம், பிறகு அடுத்த கதை. சிலருக்கு ஓடுகிற பஸ்ஸில் வாசித்தால் சத்தி வரும். அசைகிறோம் என்று காதின் உட்பகுதி மூளைக்குச் சொல்கிறது, கண்ணோ அசையாத எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த முரண்தான் வயிற்றைப் பிரட்டுகிறது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பஸ்ஸில் வாசி என்று வற்புறுத்தவேண்டாம். ஏறுவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் ஒரு கதை வாசிக்கட்டும், போகிற வழியில் அதைத் தம்பிக்குச் சொல்லட்டும்.

மத்தியானத்துக்குத் துப்பறியும் கதை. இதைச் சொன்னால் சில ஆசிரியர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். சோளகக் காற்றில் புழுதி பறக்க, முத்தத்து வேம்புக்குக் கீழே நாய்கூடப் படுத்துக்கிடக்கிற இரண்டு மணிக்கு, அடுத்த பக்கத்தைத் திருப்ப வைக்கிற புத்தகம்தான் வேலை செய்யும். வாசிப்பில் வேகம் வருவது இந்த மாதிரிக் கதைகளால்தான் என்பது நான் கண்ட அனுபவம். மாயக் கதை, விண்வெளிக் கதை, பேய்க் கதைக்கும் இதே நேரம்தான். பேய்க் கதையை மட்டும் பின்னேரத்துக்கு மேலே நீட்டவேண்டாம் என்று அம்மாமார் சொல்கிறார்கள்.

இரவுக்கு நான் கொடுக்கிறது பலருக்கும் ஆச்சரியம்: வானியல். புத்தகங்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டு அடுக்க நூலகங்களில் பாவிக்கிற தூயி தசமப் பகுப்பில், மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட அந்த முறையில், அதற்கு 520. எங்கள் இறாக்கையில் 520இல் நாலைந்து புத்தகம்தான் இருக்கிறது, அதையும் கன பேர் தொட்டதில்லை. ஆனால் ஓகஸ்ட் மாத வன்னி இரவு வானியலுக்கென்றே செய்துவைத்தது போல இருக்கும். மழை முகில் குறைவு, பட்டணத்து வெளிச்சமும் இல்லை. கரண்ட் நின்றால் இன்னும் விசேஷம். இருட்டிக் கொஞ்ச நேரத்தில் தெற்குப் பக்கம் பார்த்தால் விருச்சிகம், வளைந்த வாலோடு, தேளேதான். அதன் நடுவில் சிவப்பாக நிற்கிறது கேட்டை. அம்மம்மாவுக்குக் கேட்டை நட்சத்திரம் என்றால் யார் யார் பிறந்தது என்று தெரியும், வானத்தில் எங்கே என்று தெரிந்தாலும் தெரியும். அதற்கு அந்தாரிஸ் என்றும் பெயர், சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகன்றது என்று புத்தகம் சொல்லும். ஓகஸ்ட் 12, 13ஆம் திகதிகளை அண்டி நடுச்சாமத்துக்குப் பிறகு பெர்சீட் எரிகற்கள் விழும். டிசம்பர் 14ஐ அண்டி வருகிற ஜெமினிட் இன்னும் வடிவானது. ஆனால் அந்த நேரம் எங்களுக்கு மாரி, முகில் விலகினால்தான் உண்டு.

டிசம்பர் விடுமுறைக்குப் பறவைப் புத்தகம், பகுப்பிலக்கம் 598. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சுண்டிக்குளம் பக்கம் வலசைப் பறவைகள் வந்திருக்கும். பூநாரைக் கூட்டத்தைத் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர், ஆனால் அது ஏன் சிவப்பு என்று கேட்டால் சிரிப்பார்கள். அது தின்னுகிற இறாலினச் சிற்றுயிர்களிலும் பாசியிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. படங்களோடு உள்ள பெரிய பறவைப் புத்தகம் உசாத்துணைப் பகுதியில் இருப்பதால் வீட்டுக்குத் தரமுடியாது. தேவையான பக்கங்களைப் போனில் படம் எடுத்துப் போகலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அப்புறம், சத்தமாக வாசிக்க ஒரு புத்தகம். கவிதை அல்லது நாடகம். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்தில் வேஷம் கட்டிய பெரியவர்கள் இருக்கிற வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு நாடகப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? பிள்ளை வாசிக்கத் தொடங்கும், தாத்தா குறுக்கே வந்து "உப்பிடிச் சொல்லக்கூடாது" என்று பாடிக் காட்டுவார். அன்று இரவு போன் ஒருவர் கையிலும் இருக்காது. கண் தெரியாத, எழுத்து வாசிக்க ஏலாத பெரியவர்களுக்கு விடுமுறையில் கிடைக்கிற ஒரே புத்தகம் பிள்ளை சத்தமாக வாசிப்பதுதான். அதையும் கணக்கில் எடுத்துத்தான் தெரிவு செய்யவேண்டும்.

நாவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வீட்டில் பத்து நாள் ஆறுதலாக இருக்கப் போகிறவர் ஒரு நாவலை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். முதலாவது நாவல் தெரிந்த மண்ணில் நடந்தால் உள்ளே போவது சுகம். அ. பாலமனோகரனின் நிலக்கிளி, 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது, தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காடும் குளமும் விளக்கம் இல்லாமலே விளங்கும் பிள்ளைக்கு, கதைக்குள் போக அரை மணித்தியாலம் போதும். அச்சுப் பிரதி இல்லாத ஈழத்துப் புத்தகங்களைத் தேடுகிறவர்கள், 2005இல் தொடங்கிய நூலகம் என்கிற இணைய நூலகத்தையும் பார்க்கலாம். பழைய நூல்கள், சஞ்சிகைகள் எல்லாம் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. டேட்டா காணாது என்கிறவர்கள் வேண்டியதை இறக்கிவைத்துக்கொண்டு போகலாம்.

யூலை, ஓகஸ்டில் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிற மச்சான், மச்சாள்மாரையும் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிப்பது கஷ்டம். அவர்களுக்குப் படக்கதை தருவேன். கொஞ்சம் வளர்ந்தவர், மன்னார்ப் பக்கம் போகப் போகிறார் என்றால் றொபேட் நொக்ஸைச் சொல்வேன். 1660இல் கண்டியரசனிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயன். 1679இல் தப்பி, அநுராதபுரத்திலிருந்து மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டுக்குள்ளால் நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். அந்த அனுபவத்தை அவனே எழுதி 1681இல் லண்டனில் புத்தகமாக வந்தது, இப்போது இணையத்தில் சும்மா கிடைக்கிறது. பழைய ஆங்கிலம்தான், ஆனால் தப்பி ஓடுகிற பகுதியை மட்டும் வாசித்துவிட்டு அரிப்புக்குப் போய் நின்ற ஒரு பெடியன் எனக்கு அந்த இடத்தின் படத்தை அனுப்பினான்.

தெரிவு செய்வதில் ஒரு சின்ன உபாயம் உண்டு. அட்டையைப் பார்த்து முடிவெடுக்காமல் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கவேண்டும். விளங்காத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கு. ஒரு பக்கத்துக்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் அடுத்த வருடத்துக்கு. ஒரு விரலும் மடங்காவிட்டாலும் பரவாயில்லை, விடுமுறைதானே. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் நிறுத்தலாம், ஒருவரும் பரீட்சை வைக்கப் போவதில்லை. 46ஆம் பக்கத்தில் நிறுத்தியதை மறைக்கவும் தேவையில்லை, வந்து சொன்னால் அடுத்ததைத் தருகிறதுக்கு எனக்கு அது உதவி.

பெற்றோரிடம் இரண்டு விஷயம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிற வருடத்தில் கதைப் புத்தகத்தை ஒளித்து வைக்கிறீர்கள். சரி, உங்கள் பதற்றம் விளங்குகிறது, ரியூசன் இல்லாத நாளே இல்லை. ஆனால் இரண்டாம் வினாத்தாளில் பந்தியை வாசித்து விடை எழுதச் சொல்கிறார்களே, அந்த இடத்தில் தடக்குப்படுகிற பிள்ளைக்கு இன்னொரு வினாத்தாளைவிடப் பத்துச் சிறுகதை கூட உதவும். மற்றது தண்டப்பணப் பயம். தொலைந்தால் கட்டவேண்டி வரும் என்று அங்கத்துவ அட்டையையே எடுக்காமல் இருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். மழைக் காலத்தில் சொப்பிங் பையில் சுற்றி, மண் சுவரில் சாய்க்காமல், கறையான் ஏறாத உயரத்தில் வையுங்கள், அவ்வளவுதான். நாள் பிந்தினால் வந்து சொல்லுங்கள். பயத்தில் வராமல் விடுகிறவர்களால்தான் புத்தகமும் வராமல் போகிறது.

நூலகவியல் படிக்கிற எல்லோருக்கும் எஸ். ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் பாடம், 1931இல் வந்தவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. இரண்டாவதை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். எனக்கு விடுமுறை வந்தால் மூன்றாவதுதான் ஞாபகம் வரும். அதனால் வாசகர்களிடம் ஒரு விளையாட்டாகச் சொல்கிறேன்: இரண்டு புத்தகம் எடுத்தால், ஒன்று உங்களுக்குப் பிடித்த இறாக்கையிலிருந்து, மற்றது உள்ளே ஒட்டியிருக்கிற திகதித் தாளில் ஒரு முத்திரையும் விழாததாக, அதாவது ஒருவரும் இரவல் எடுக்காததாக.

மகனுக்குப் புத்தகம் எடுக்க வந்த முத்தையன்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரிடமும் இதைச் சொன்னேன். "நான் வாசிச்சு எத்தினை வருசம் மிஸ், அதெல்லாம் இவருக்குத்தான்" என்றார். மகன் கிரிக்கெட் புத்தகம் தேடி 796க்குப் போன நேரத்தில் இவர் 636க்கு முன்னால் நின்றுவிட்டார், கால்நடை வளர்ப்பு. வெறும் திகதித் தாளோடு கிடந்த ஆடு வளர்ப்புப் புத்தகம் அன்றைக்கு வெளியே போனது. 14 நாள் முடிந்து மீண்டும் ஒரு தவணை நீட்டித்தான் கொண்டுவந்து தந்தார்.

உள்ளே ரிக்கற் ஒன்றும் இல்லை. தீவனம் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது: "எங்கட ஆடு இதைத் தின்னாது." நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று சுவரில் அறிவித்தல் ஒட்டியவளே நான்தான். அழிறப்பரை எடுத்தேன், பிறகு மேசையிலேயே வைத்துவிட்டேன். போன மாதம் அந்தப் புத்தகம் இரண்டாவது முறையாக வெளியே போய் வந்திருக்கிறது. முதல் வரிக்குக் கீழே வேறொரு கையெழுத்து: "வெயிலில வாட்டிக் குடுத்துப் பாருங்கோ அண்ணை. எங்கட தின்னுது."