டிஸ்ப்ளே ஃபாண்ட்: காட்சி எழுத்துருவா, தலைப்பு எழுத்துருவா?

தலைப்பு, விளம்பரம் போன்றவற்றில் பெரிதாகப் போடும் எழுத்துருவை ஆங்கிலத்தில் டிஸ்ப்ளே ஃபாண்ட் என்பார்கள், அதைத் தமிழில் பலர் 'காட்சி எழுத்துரு' என்று எழுதுகிறார்கள். அகராதிப்படி சரிதான், ஆனால் படிக்கிறவருக்குத் திரையில் காட்டுவதற்கான எழுத்து என்றுதான் தோன்றும். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும் பெரிதாக அச்சிடும் எழுத்துகளை அச்சகத்தில் டிஸ்ப்ளே என்றுதான் சொன்னார்கள்.

டிஸ்ப்ளே என்ற சொல் லத்தீனில் இருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, மடித்து வைத்ததை விரிப்பது என்று பொருள். ஃபாண்ட் என்பதும் பிரெஞ்சுதான். உலோகத்தை உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் சொல் அது, ஈய எழுத்துகள் அப்படித்தானே உருவாயின. ஆனால் பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது, செலவும் அதிகம். அதனால் 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்து ஏராளமாகச் செய்ய வழி கண்டார், அப்புறம் தடித்த எழுத்துகள் சுவரெல்லாம் பரவின.

ஆக, இங்கே முக்கியம் அளவும் இடமும்தான். 'தலைப்பு எழுத்துரு' என்று சொன்னால் எங்கே போட வேண்டும் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடுகிறது, நான் அதையே எழுதுகிறேன். 'உரு'வை மட்டும் விட்டுவிடாதீர்கள், தலைப்பெழுத்து என்றால் பெயருக்கு முன் போடும் இனிஷியல் ஆகிவிடும்.

இந்த வகையில் இப்போது அதிகம் கண்ணில் படுவது தடித்த, வடிவியல் பாணியிலான (வட்டம், நேர்கோடு போன்ற வடிவங்களை வைத்து வரையும்), முனை உருண்ட எழுத்துருக்கள். வடிவியல், உருண்டை இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள், அப்படியல்ல. 1927இல் பால் ரென்னர் வடிவமைத்த ஃபியூச்சுரா என்ற எழுத்துருவில் ஆங்கில 'ஓ' கிட்டத்தட்ட முழு வட்டம், ஆனால் கோடுகளின் முனை வெட்டினாற்போல் இருக்கும். 1979இல் ஃபோக்ஸ்வேகனுக்காக வந்த வேக் ரவுண்டட் என்ற எழுத்துருவில் முனைகளே உருண்டிருக்கும். அதனால் ரவுண்டட் என்பதை 'வட்ட எழுத்துரு' என்று எழுதாமல் 'வட்டமுனை எழுத்துரு' என்று எழுதுவது நல்லது.

வடிவியல் என்பதால் காம்பஸும் அளவுகோலும் போதும் என்று நினைக்க வேண்டாம். சரியான வட்டத்தை 'எச்' உயரத்துக்கே வரைந்தால் அது சின்னதாகத் தெரியும், அதனால் மேலும் கீழும் சற்றே தாண்டவிடுவார்கள். படுக்கைக்கோடும் நிற்கும் கோடும் ஒரே தடிமனாக இருந்தால் படுக்கைக்கோடுதான் பருமனாகத் தெரியும், அதைக் கொஞ்சம் மெலிய வைப்பார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அளவில் செய்யும் இந்தச் சின்னச் சின்னத் திருத்தங்களில்தான் வடிவமைப்பாளரின் உழைப்பே இருக்கிறது.

சின்னம், பொட்டலம், குழந்தைகள் நூலின் அட்டை, செயலியின் பெயர், இங்கெல்லாம் இவை நன்றாகப் பொருந்தும். பத்திக்கு ஆகாது, தடித்த எழுத்தைச் சிறிதாக்கினால் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைபட்டுவிடும். தமிழில் இது இன்னும் கடினம், 'ஞ', 'ணை', 'இ' போன்றவற்றில் சுழிகள் நெருக்கமாக இருப்பதால் கோடு தடிக்கத் தடிக்க அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஏக் டைப் குழுவின் பலூ தம்பி என்ற இலவச எழுத்துருவில் 'ணை' என்று பெரிதாகவும் சிறிதாகவும் தட்டிப் பாருங்கள், எந்த அளவு வரை அது தாங்குகிறது என்பது தெரிந்துவிடும்.