தர்மாஸ்பத்திரியில் எதற்குக் காப்பீட்டு அட்டை?

அரசு மருத்துவமனையை இன்னும் ‘தர்மாஸ்பத்திரி’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்தச் சொல்லிலேயே ஒரு கூச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையில் காசில்லாதவன் போகிற இடம் என்று நினைத்து, கடன் வாங்கியாவது தனியாருக்குப் போகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் பலர் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். போதாததற்கு, ஜி.ஹெச்சில் அட்டை கேட்டால், “இலவசம்னுதானே சொன்னீங்க, அப்புறம் இது எதுக்கு?” என்று சந்தேகம் வேறு.

நியாயமான கேள்விதான். அட்டையைக் கேட்பது உங்களிடம் பணம் வாங்க இல்லை. திட்டத்தில் வரும் சிகிச்சையை அரசு மருத்துவமனை செய்தாலும் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே போய்ச் சேரும். நீங்கள் அட்டையைக் காட்டினால் அந்த மருத்துவமனைக்கு வருமானம். அட்டை இல்லை என்பதற்காக அங்கே யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012இல் இப்போதைய பெயரில் விரிந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். முன்பு வரம்பு 72,000 ரூபாய். அப்போது கிடைக்காமல் போனவர்கள் மறுபடி முயலலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. நீங்கள் கட்ட வேண்டிய பிரீமியம் ஒரு பைசாகூடக் கிடையாது, அதை அரசு கட்டுகிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லை.

ரேஷன் கார்டு, ஆதார், வருவாய்த் துறை தரும் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர்தான் பயன்பெற முடியும். கல்யாணமாகி வந்த மருமகள், புதிதாகப் பிறந்த குழந்தை என்று பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அவசர நேரத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

காய்ச்சல், சளிக்கு ஓ.பி. சீட்டு போட்டுப் பார்ப்பதற்கு இது பொருந்தாது. பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே. தனியார் என்றால், திட்டத்தில் இணைந்த மருத்துவமனையா என்று கேட்டுக்கொண்டு, அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் கொடுங்கள். பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். அனுமதியான சிகிச்சைக்கு ‘மேற்கொண்டு கொஞ்சம்’ என்று யாராவது கேட்டால், 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.