மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியா?

துப்பாக்கிப் பாதுகாப்புத் தேர்வுக்குப் படிக்கும் பலர் வகைகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். அது போதாது. கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் அதில் தோட்டா எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று சொல்லத் தெரிய வேண்டும். தொடும்போதே குழல் ஆளில்லாத பக்கம் திரும்பியிருக்கட்டும். விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

ரிவால்வரில் ஒளிவுமறைவு குறைவு. சுழலும் உருளையில் பெரும்பாலும் 5 அல்லது 6 அறைகள். உருளையைத் திறந்தால் அத்தனையும் கண்ணில் படும்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்தான் ஆளை ஏமாற்றும். கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினை (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி) உருவிய பிறகும், குழலின் பின்முனை அறையில் ஒரு தோட்டா இருக்கலாம். ஆகவே முதலில் மேகசின், அதன் பிறகே ஸ்லைடு, அதாவது குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி. வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? ஸ்லைடைப் பின்னால் இழுத்ததும் அறையிலிருந்த தோட்டா வெளியே விழும். பார்த்தவருக்கு நிம்மதி. ஆனால் முன்னே திரும்பும் ஸ்லைடு, மேகசினின் உச்சியிலுள்ள தோட்டாவை அறைக்குள் தள்ளிவிடும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றியும் பயனில்லை, துப்பாக்கி சுடத் தயாராகவே இருக்கும். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, அறையைக் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தடவிப் பார்ப்பதே சரி.

ரைஃபிளின் குழலுக்குள் திருகு வரிகள் உண்டு. அவை குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்துகின்றன. சிறியதென்று கருதப்படும் .22 குண்டுகூட 1.5 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஷாட்கன் குழல் பெரும்பாலும் வழவழப்பானது. சிறு ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கும். முன்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் வகையில் குழலுக்கு அடியிலுள்ள நீளக் குழாய்தான் மேகசின். அதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஷாட்கனில் குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். 12 கேஜ் ஏறத்தாழ 18.5 மி.மீ., 20 கேஜ் 15.6 மி.மீ. 12 கேஜ் துப்பாக்கியில் தவறுதலாக 20 கேஜ் தோட்டாவைப் போட்டால் அது அறையைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலை அடைத்துக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவை வைத்துச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகவே 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காதீர்கள். தோட்டாவிலுள்ள வெடிமருந்து தாமதமாகப் பற்றக்கூடும். பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருந்து, பிறகு தோட்டாவை அகற்றுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைச் சோதிக்கும்வரை அடுத்த தோட்டாவைச் சுடக் கூடாது.