தேர்ச்சி: ‘ப்ரொஃபிஷியன்சி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லிங்க்ட்இனில் தெரிந்த மொழிகளைச் சேர்க்கப் போனால் ஐந்து படிகள் வரும்: எலிமெண்டரி, லிமிடெட் வொர்க்கிங், ப்ரொஃபஷனல் வொர்க்கிங், ஃபுல் ப்ரொஃபஷனல், நேட்டிவ் ஆர் பைலிங்குவல். ஒவ்வொன்றின் வாலிலும் ‘ப்ரொஃபிஷியன்சி’ ஒட்டிக்கொண்டிருக்கும்.

லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னால், ‘ஃபகெரே’ என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்த ‘ப்ரோஃபிகெரே’வுக்கு முன்னேறுதல், பயன் தருதல் என்று பொருள். லாபத்தைக் குறிக்கும் ‘ப்ராஃபிட்’டும் இதே வேரில் முளைத்ததுதான்.

தமிழில் இதற்குப் பலர் ‘புலமை’ என்று எழுதுகிறார்கள். அது பெரிய சொல். கடைக்காரரிடம் இந்தியில் விலை கேட்கத் தெரிந்தவரை ‘தொடக்கநிலைப் புலமை’ உள்ளவர் என்பது பொருந்தவில்லை. ‘திறமை’ பிறவிக் குணத்தையும் சேர்த்துக்கொள்கிறது. என் தெரிவு ‘தேர்ச்சி’.

‘தேர்’ என்ற வினைக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல், அறிதல் என்று பொருள்கள். தேர்வு, தேர்தல், கைதேர்ந்தவர் எல்லாம் அதன் பிள்ளைகள். பயில் பயிற்சி ஆனதுபோல, வளர் வளர்ச்சி ஆனதுபோல, தேர் தேர்ச்சி ஆயிற்று. லத்தீன் சொல்லில் நடந்து வந்த தூரம் இருக்கிறது; நம் சொல்லில் சோதித்துப் பார்த்தல் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த வேறுபாடு. ஏனென்றால் அந்த ஐந்து படிகளே ஒரு சோதனையிலிருந்து வந்தவை. 1950-களில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளின் மொழியறிவை அளக்க 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல் வகுத்தது. தேர்வாளர் நேரில் பேசவைத்துப் படியைச் சொல்வார். இன்று அதே பெயர்களை நமக்கு நாமே சூட்டிக்கொள்கிறோம், தேர்வாளர் இல்லாமலே.

சரி, தேர்ச்சியில் சிக்கலே இல்லையா? உண்டு. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பிளஸ் டூ முடிவுதான் நினைவுக்கு வரும். தேர்ச்சி என்றால் பாஸ். இலங்கைப் பாடத்திட்டத்திலோ ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி மட்டம்’ என்பவை ஆசிரியர்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள். பாஸ், ஃபெயில் பற்றிய பேச்சே இல்லை. மாணவர் எதை எந்த அளவுக்குச் செய்ய வல்லவர் என்பதே அங்கே பொருள். நமக்கு வேண்டிய பொருள் ஏற்கெனவே தமிழில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பேச்சில் ‘மட்டம்’ என்றால் தரம் குறைந்தது என்றும் ஆகிவிடும். ‘தேர்ச்சி நிலை’ என்றால் இரு கரையிலும் உறுத்தாது.

அப்புறம் அந்த ‘நேட்டிவ்’. எனக்கு உண்மையாகவே குறை இதன்மேல்தான். முதல் நான்கும் தேர்ச்சியைச் சொல்ல, ஐந்தாவது பிறப்பைச் சொல்கிறது. விக்கிப்பீடியாவில் பயனர்கள் தமக்குத் தெரிந்த மொழிகளைக் காட்டும் பாபேல் பெட்டிகள் இதைச் சரியாகப் பிரித்துவிட்டன: தாய்மொழிக்குத் தனியாக ‘N’ என்ற ஆங்கில எழுத்து, மற்றவற்றுக்கு எண்கள். என் அக்கா மகள் பெங்களூரில் வளர்ந்தவள். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவாள். படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். அவளுடைய சுயவிவரத்தை இருவரும் தமிழில் எழுதியபோது இப்படிப் போட்டோம்: ‘தமிழ் – தாய்மொழி. பேச்சில் முழுத் தேர்ச்சி, எழுத்தில் தொடக்கநிலைத் தேர்ச்சி.’