மண்ணில் எவ்வளவு ஃப்ளூரைடு என்பதைவிட, அதில் எவ்வளவு கரையும் என்பதே கேள்வி

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் போர்வெல் போடுகிறவர்கள், வெளியே வந்த மண்ணைப் பையில் கட்டி எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, "இதில் ஃப்ளூரைடு எவ்வளவு இருக்கிறது, தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் மண்ணின் மொத்த அளவை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

புவி மேலோட்டில் சராசரியாகக் கிலோவுக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம் ஃப்ளூரின் உண்டு என்பதால், சில நூறு மில்லிகிராம் என்ற முடிவைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அப்படைட்டு ஆகிய கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தண்ணீர் காரத்தன்மை அடையும்போதுதான் ஹைட்ராக்சில் அயனிகள் கனிமத்துக்குள் ஃப்ளூரைடு இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அதை வெளியேற்றுகின்றன. கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளூரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். மழை குறைந்த இந்தக் கிழக்குப் பகுதியிலோ, ஈரம் ஆவியாகும்போது கால்சியம் சுக்கான்கல்லாக (சுண்ணாம்புக் கட்டியாக) இறுகிவிடுகிறது. கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த தண்ணீரில் ஃப்ளூரைடு தடையின்றி ஏறுகிறது. ஆகவே கரிசலுக்கு அடியில் சுக்கான்கல்லைக் கண்டால் நான் கூடுதல் கவனம் கொள்கிறேன்.

அளக்கும் முறையிலும் எச்சரிக்கை தேவை. மண்ணைத் திறந்த பாத்திரத்தில் அமிலத்தில் கரைத்தால், ஃப்ளூரின் சிலிக்கான் டெட்ராஃப்ளூரைடு வாயுவாகப் பறந்துவிடும். எண் குறைவாக வரும், அதைப் பார்ப்பவர் நிம்மதி அடைந்துவிடுவார். அதனால் நிக்கல் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) சோடியம் ஹைட்ராக்சைடுடன் 600 டிகிரி அளவில் உருக்கி, பிறகு கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். மதிப்பை 5 முதல் 5.5க்குள் நிறுத்தி, அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் ஃப்ளூரைடை விடுவித்து, பி.ஹெச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலைச் சேர்த்து, ஃப்ளூரைடை உணரும் லாந்தனம் ஃப்ளூரைடு படிக மின்முனையால் அளக்கிறோம். செறிவு பத்து மடங்கு கூடும்போது 25 டிகிரியில் அளவி காட்டும் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றைய அளவீடு எதையும் நம்பக் கூடாது.

இதோடு, ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீரில் குலுக்கி, வடிகட்டி, கரைந்து வந்ததைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கு எது இறங்கக்கூடும் என்பதை அந்த எண்ணே காட்டும்.

குடிக்கலாமா என்பதைத் தண்ணீரின் அளவே முடிவு செய்கிறது: இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்கவைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டினர் இதில் தாமதிக்கவே கூடாது. நிலைப்பற்கள் உருவாகும் பருவம் அது; மிகையான ஃப்ளூரைடு அந்தப் பற்களைக் கறைபடுத்தும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கண்ணாடியில் அல்லாமல் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் கொண்டுவாருங்கள்.