பேட்டரி மேல இருக்க நம்பர நம்பி வாங்காதீங்க

தர்மபுரி நாலு ரோடு பக்கம் செல்போன், கேம் செட்டு சர்வீஸ் பண்றேன். போன மே மாசம் பென்னாகரத்துல இருந்து ஒரு காலேஜ் பையன் பஸ் ஏறி வந்தான், கையில ஒரு சைனா கேம் செட்டு. "அண்ணா, ஆன்லைன்ல புது பேட்டரி வாங்கி நானே போட்டேன், ஆன் பண்ணதும் கருகுன வாட வந்துச்சு"ன்னான்.

தொறந்து பாத்தா பிளக் கச்சிதமா உக்காந்திருக்கு, ஆனா போர்டுல பிளஸ்னு அச்சு போட்ட பக்கம் மைனஸான கருப்பு வயர் வந்து நிக்குது. பேட்டரி வயர் நுனியில வர்ற அந்த குட்டி பிளக்குல, ஜேஎஸ்டின்னு சொல்வாங்க, பிளஸ் எந்தப் பக்கம்னு பொதுவா ஒரு விதியே கிடையாது, ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி போடுவான், அதனால சொருகறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சு பாத்துடுங்க, பத்து செகண்ட் வேலை. மாறியிருந்தா குண்டூசியால ஒவ்வொரு பின்னா நெம்பி எடுத்து மாத்திக்கலாம். ரெண்டு வயரையும் ஒரே வெட்டா கட்டர்ல வெட்டிடாதீங்க, பிளேடே ஷார்ட் ஆக்கிடும்.

அவன் பையில இன்னொன்னும் வச்சிருந்தான், 18650ன்னு சொல்ற உருளை லித்தியம் செல்லு, மேல 9900 எம்ஏஎச்னு கொட்டை எழுத்து, எம்ஏஎச்னா எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கற கணக்கு. நல்ல கம்பெனி செல்லே அந்த சைஸ்ல 3500 பக்கம் தான் வரும், எடையும் 45 கிராமுக்கு மேல நிக்கும். பக்கத்து நகைக்கடை தராசுல வச்சா இது 31 கிராம், கடைக்காரரே சிரிச்சிட்டாரு.

ரெண்டு செல் சேத்து போடலாமான்னு கேக்கறாங்க. பேரலல்னா, அதாவது பிளஸ்ஸோட பிளஸ் சேத்தா, 3.7 வோல்ட் அப்படியே இருக்கும், ஓடற நேரம் கூடும், சீரிஸ்னா, அதாவது ஒன்னோட பிளஸ்ஸ இன்னொன்னோட மைனஸ்ல சேத்தா, ஃபுல் சார்ஜ்ல 8.4 வந்து ஒரு செல்லுக்குன்னு செஞ்ச போர்டு காலி. பேரலல்லயும் ரெண்டு செல்லும் ஒரே வோல்ட்டுக்கு வந்தப்புறம் தான் சேக்கணும், ஒன்னு 4.2லயும் இன்னொன்னு 3.3லயும் இருந்தா நெறஞ்சதுல இருந்து காலியானதுக்கு கரண்ட் பாஞ்சு வயர் கொதிக்கும். செல் மேல நேரா சால்டரிங் அயர்ன் வைக்காதீங்க, முனையில உலோகப் பட்டி வெல்டிங் பண்ண செல்லா கேட்டு வாங்குங்க, வயர அந்தப் பட்டியில பத்த வச்சுக்கலாம். மஞ்ச டேப்புக்குள்ள இருக்கற சின்ன போர்டு தான் பாதுகாப்பு, அத பிச்சு போட்டுட்டு வராங்க சில பேரு, என்னத்த சொல்ல.

நின்டெண்டோவோட பழைய கேம் செட்டு கேம்பாய் அட்வான்ஸ் வச்சிருக்கவங்க இன்னும் உஷாரா இருங்க. அதுல ரெண்டு பென்டார்ச் செல், மொத்தம் 3 வோல்ட். அதே சைஸ்ல 14500னு லித்தியம் செல் வருது, ஒன்னே 3.7, தெரியாம ரெண்டு போட்டா முடிஞ்சிது கதை. 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போடுங்க, தாராளமா ஓடும்.

தகர ஷீட் வீட்டுல மத்தியானம் சார்ஜ் போடாதீங்க, ஏறும்போது செல்லு 45 டிகிரி தாண்டக்கூடாது. தலகாணி மாதிரி உப்பிட்டா குத்தி காத்து எடுக்கற வேலையெல்லாம் வேணாம். அந்த மாதிரி கெட்டுப்போன செல்ல போடறதுக்குன்னே நான் கடை வாசல்ல பெயிண்ட் டின்ல மணல் போட்டு வச்சிருக்கேன், அந்தப் பையனோட பழைய பேட்டரியும் இப்ப அதுக்குள்ள தான் இருக்கு.